உஷார்! ஸ்வெட்டரில் பஞ்சாமிர்தம் கொட்டினால் முதலில் கையைக் கட்டுங்கள்

சுடுதண்ணியைத் தூக்காதீர்கள். சோப்புத்தூளைக் கொட்டாதீர்கள். பிரஷ்ஷைத் தொடாதீர்கள். வண்டியிலிருந்து பெட்ரோல் பிடித்துவரப் பையனை அனுப்பவே அனுப்பாதீர்கள். கம்பளித் துணியில் சாப்பாட்டுக் கறை பட்ட வீடுகளில் முதல் பத்து நிமிஷத்தில் நடப்பவை இந்த நாலும்தான். கறை அப்படியே இருந்தாலும் ஸ்வெட்டர் பிழைத்துக்கொள்ளும். அந்தப் பத்து நிமிஷ அவசரத்தில் சிக்கினால் பிழைக்காது. நாலாவது வேலையில் வீட்டு மனுஷர்களுக்கே ஆபத்து.

பழனிப் பக்கத்து நெய்க்காரப்பட்டிக்காரர்களுக்கு எதற்கு இந்தக் கம்பளிப் பாடம் என்று கேட்கலாம். பாடம் வேண்டியது இங்கேதான். ஊட்டியிலும் சிம்லாவிலும் இருப்பவர்கள் மாதக்கணக்கில் கம்பளி போடுகிறார்கள். அதை அலசுவதும் உலர்த்துவதும் அவர்கள் அம்மா, பாட்டி கையிலிருந்து வந்த பழக்கம். நமக்கு அது மார்கழி விடியலில் கோயிலுக்குப் போகையில், தைப்பூச நெரிசலில் ராத்திரி வெட்டவெளியில் படுக்கையில், சித்திரை லீவில் பிள்ளைகளோடு கொடைக்கானல் ஏறுகையில் என்று வருஷத்துக்குச் சில நாள் மட்டும் வெளியே வரும் துணி. மற்ற நாளெல்லாம் பீரோவின் அடித்தட்டில் கிடக்கிறது. அதனால் வேட்டிக்கும் லுங்கிக்கும் என்ன வைத்தியமோ அதையே இதற்கும் செய்கிறோம். பருத்தி தாங்கும் எல்லாவற்றையும் கம்பளியும் தாங்கும் என்று நினைப்பதில்தான் வினை தொடங்குகிறது.

கம்பளி நூல் என்பது ஆட்டு முடி. பழனிக்கு மேலே மலை ஏறி, கொடைக்கானலையும் தாண்டிப் போனால் மன்னவனூர். மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் அங்கே இருக்கிறது. நம் திண்டுக்கல் மாவட்டத்துப் புல்வெளியில் பாரத் மெரினோ ஆடுகள் மேய்வதைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. முடி என்றால் புரதம், கெரட்டின். நம் தலைமுடியும் நகமும் அதே சரக்கு. ஸ்வெட்டரைத் துவைக்க ஒரு பொருளைக் கையில் எடுக்கும்போது, இதைத் தலையில் தேய்த்துக் குளிப்பேனா என்று யோசித்துப் பாருங்கள். வாஷிங் சோடாவையும் பிளீச்சிங் பவுடரையும் தலையில் தேய்த்துக்கொள்ள யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருப்பது கம்பளிதானா? கொடைக்கானல் ஏரிக்கரைக் கடைகளிலும், குளிர்காலத்தில் நம் ஊர்ப் பக்கம் திபெத்தியர்கள் போடும் கடைகளிலும் கிடைக்கும் ஸ்வெட்டர்களில் பெரும்பாலானவை அக்ரிலிக் நூல். பல லூதியானாவில் பின்னியவை. அதில் தவறொன்றும் இல்லை, சூடாகத்தான் இருக்கும். ஆனால் அதன் குணம் வேறு. உள்பக்கத் தையலில் இருக்கும் சீட்டைப் படியுங்கள். சீட்டு இல்லையென்றால் தையலோரத்திலிருந்து ஒரு சிறு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தட்டுக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, நெருப்பை எடுத்ததும் தானே அணைந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும் கரி மிஞ்சினால் அது கம்பளி. திகுதிகுவென்று எரிந்து, உருகிச் சொட்டி, கெட்டியான கறுப்பு மணி மிஞ்சினால் அக்ரிலிக். உருகிச் சொட்டுவது தோலில் ஒட்டிக்கொண்டே சுடும். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது இந்தச் சோதனை வேண்டாம். இரண்டும் கலந்த நூலும் உண்டு. தெரியவில்லையென்றால் கம்பளி என்றே வைத்துக்கொள்ளுங்கள், நஷ்டமில்லை.

சுடுதண்ணி ஏன் கூடாது? கம்பளி இழையைப் பெரிதாக்கிப் பார்த்தால் மேலே ஓட்டுக்கூரை போலச் செதில் செதிலாக இருக்கும். எல்லாச் செதிலும் நுனியைப் பார்த்தே அடுக்கியிருக்கும். வெந்நீரும் சோப்பும் சேர்ந்து, கையும் கசக்கினால், இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஒரே திசையில் நகரும். நகர்ந்தது திரும்பி வராது, செதில் கோத்துக்கொள்ளும். கசக்கக் கசக்கத் துணி இறுகி, தடித்து, சுருங்கிக்கொண்டே போகும். காஷ்மீரில் நம்தா விரிப்பைச் செய்வதே இப்படித்தான்: கம்பளியைப் பரப்பி, சோப்புத் தண்ணீர் தெளித்து, சுருட்டி உருட்டி அழுத்துகிறார்கள். தறியே இல்லாமல் விரிப்பு தயார். அந்த வேலையை நாம் தெரியாமல் வாஷிங் மெஷினுக்குள் செய்துவிட்டு, அப்பாவின் ஸ்வெட்டரைப் பேரனுக்குப் போட்டுப் பார்க்கிறோம். சுருங்கிய கம்பளியை இழுத்து நீட்டும் வித்தைகள் பல சொல்வார்கள். லேசாகச் சுருங்கியது கொஞ்சம் இளகிக் கொடுக்கலாம், நம்தாவாகிப் போனது போனதுதான்.

இதில் நம் பக்கத்துக்கே உரிய ஒரு கண்ணி இருக்கிறது. "நான் சுடுதண்ணியே ஊத்தலைங்க, பைப்புத் தண்ணிதான்" என்பார்கள். மொட்டைமாடிப் பிளாஸ்டிக் டேங்கில் சித்திரை மதியம் நிற்கும் தண்ணீரில் கையை வைத்துப் பாருங்கள், குளிக்கவே முடியாது. கொடைக்கானலிலிருந்து இறங்கிய மறுநாள் மதியம் அந்தக் குழாயைத் திறந்து ஸ்வெட்டரை நனைத்தால் அது வெந்நீர்க் கணக்குதான். விடியற்காலைத் தண்ணீரோ தொட்டித் தண்ணீரோ எடுங்கள். கைக்கு வெதுவெதுப்பாகத் தெரிந்தாலே அதிகம், 30 டிகிரிக்கு மேல் வேண்டாம். அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும். வெதுவெதுப்பிலிருந்து சட்டென்று ஜில்லுக்கு மாற்றுவதும் நல்லதல்ல.

அடுத்தது பிளீச். இங்கே இரட்டை உஷார்.

வெள்ளைத் துணிக்கு ஊற்றும் பிளீச் திரவத்தில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். துணி ஆய்வுக்கூடங்களில் ஒரு கலப்பு நூலில் கம்பளி எத்தனை சதவீதம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. துணியை எடை போட்டு, ஹைப்போகுளோரைட்டில் போடுவார்கள். கம்பளி முழுக்கக் கரைந்துவிடும், மிஞ்சியதை எடை போட்டால் கணக்குத் தெரிந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் கம்பளியைக் கரைத்து ஒழிக்கப் பயன்படுத்தும் அதே சரக்கைத்தான் நாம் கறைமேல் ஊற்றுகிறோம். முதலில் மஞ்சளிக்கும், பிறகு விறைக்கும், அப்புறம் ஓட்டை. பஞ்சாயத்தில் தெளிக்கும் பிளீச்சிங் பவுடரும் இதற்கு அண்ணன் தம்பிதான்.

இரண்டாவது உஷார் துணிக்கு அல்ல, உங்கள் நெஞ்சுக்கு. பிளீச் ஊற்றியும் போகவில்லையே என்று, அதே பக்கெட்டில் பாத்ரூம் கழுவும் ஆசிட்டையோ வினிகரையோ எலுமிச்சையையோ சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய சின்னக் குளியலறையில் அது விஷப்புகை. தொண்டை எரியும், கண் கரிக்கும், இருமல் நிற்காது, மூச்சு முட்டும். அம்மோனியா கலந்த கிளீனரோடு பிளீச் சேர்ந்தாலும் விஷவாயுதான். அப்படி நெடி அடித்தால் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு நிற்காமல் வெளியே வாருங்கள், ஜன்னல் கதவைத் திறந்துவிடுங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். வினிகர் இந்தக் கட்டுரையில் பின்னால் நல்லவராக வரப்போகிறார். பிளீச் பட்ட துணிக்குப் பக்கத்தில் மட்டும் அவரைக் கொண்டுபோகக் கூடாது.

பெட்ரோல், தின்னர். நெய்க் கறைக்கு இதைச் சொல்லாத ஊர்ப் பெரியவர் இல்லை. கொழுப்பைக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி போன்ற உறைகுளிரிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும். நம்மூர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு படர்ந்து அடுத்த அறைக்குப் போகும். நீங்கள் கூடத்தில் உட்கார்ந்து பஞ்சால் ஒற்றிக்கொண்டிருப்பீர்கள், அது சமையலறை அடுப்பையோ சாமி அறை விளக்கையோ தேடிப் போயிருக்கும். போதாக்குறைக்குக் கம்பளியும் அக்ரிலிக்கும் உரசினால் பொறி கிளப்பும். குளிர்காலத்தில் ஸ்வெட்டரைக் கழற்றும்போது படபடவென்று கேட்கிறதே, அதுவே பொறிதான். பெட்ரோல் நனைத்த ஸ்வெட்டரை வாஷிங் மெஷினில் போடுவது அதைவிட மோசம், மூடிய டிரம்முக்குள் ஆவியும் மின்சாரமும் ஒன்றாகச் சேர்கின்றன. மண்ணெண்ணெய் கொஞ்சம் சாது என்றாலும் அதுவும் வேண்டாம்.

இனி நம் ஊர்க் கறைகளுக்கு வருவோம்.

பஞ்சாமிர்தம்தான் முதல் மரியாதைக்குரியது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழகக் கோயில் பிரசாதம் ஒன்று அந்தக் குறியீட்டைப் பெற்றது அதுவே முதல் முறை. வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, நெய், தேன், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய். சாப்பிடுகிறவருக்கு அமிர்தம், கம்பளிக்கு ஒரே கரண்டியில் மூன்று வகைக் கறை. சர்க்கரையும் தேனும் தண்ணீரில் கரையும், எண்ணெய் கரைப்பான்களில் கரையாது. நெய் அதற்கு நேர் எதிர். வாழைப்பழம் காற்றுப் பட்டதும் பழுப்பேறும், உரித்த பழம் கறுப்பதைப் பார்க்கிறோமே, அதே வேலை ஸ்வெட்டரிலும் நடக்கும். ஆகவே ஒரே மருந்தால் மூன்றையும் எடுக்கப் பார்ப்பவர் ஏதோ ஒன்றை உள்ளே விட்டுவிடுவார்.

அப்படி உள்ளே தங்குவதில் ஆபத்தானது சர்க்கரை. உலர்ந்தால் கண்ணுக்கே தெரியாது. போய்விட்டது என்று நினைத்து இஸ்திரி போடுவீர்கள். நெய்க்காரப்பட்டிப் பக்கத்து ஆலைகளில் கரும்புச் சாறு கொப்பரையில் காய்ந்து நிறம் மாறுவதைப் பார்த்தவர்கள் நாம். சர்க்கரையில் சூடு பட்டால் பழுப்பு. நேற்றுவரை சுத்தமாக இருந்த இடத்தில் இஸ்திரிப்பெட்டி போனதும் பழுப்புத் திட்டு எழுந்து நிற்கும். பழியெல்லாம் இஸ்திரி போடும் அண்ணனுக்கு. அந்தச் சூட்டுக்கறையை எடுப்பது மிகக் கடினம்.

டிரை கிளீனிங் கொடுத்தாலும் இதே சங்கதிதான். அங்கே தண்ணீருக்குப் பதில் கரைப்பான் ஓடுகிறது. நெய் போகும், சர்க்கரை போகாது. கடைக்காரர் நல்லவராக இருந்தால், "இதுல என்னங்கம்மா கொட்டுச்சு?" என்று கேட்பார். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள், "பஞ்சாமிர்தங்கண்ணா, மொதல்ல தண்ணி வச்சு ஒத்தி எடுத்துருங்க" என்று. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என்ன கறை என்று சொல்லாமல் கொடுப்பதுதான் பணத்தைத் தண்டமாக்கும். பழைய கறையை நீங்களே எதையாவது போட்டுத் தேய்த்திருந்தால் அதையும் சொல்லுங்கள். வாங்கி வந்ததும் கவரைக் கழற்றிக் காற்றாடப் போட்டு, நெடி போன பிறகு உடுத்துங்கள்.

வீட்டில் செய்வதானால் இப்படி. கொட்டிய உடனே கரண்டியின் விளிம்பாலோ அட்டை முனையாலோ ஓரத்திலிருந்து நடுவுக்கு வழித்தெடுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்தால் கறை ஊரையே வளைத்துவிடும். தேய்க்காதீர்கள், ஒற்றுங்கள். வெள்ளைப் பருத்தித் துணிதான் ஒற்றுவதற்கு உத்தமம், நனைத்த வேட்டி முனை போதும். சாயம் போகும் துண்டு வேண்டாம், செய்தித்தாள் வேண்டாம், அதன் மை உங்களுக்கு இன்னொரு கறை. ஸ்வெட்டரை உள்பக்கம் திருப்பி, கறைக்குக் கீழே மடித்த துணியை வைத்து, பின்பக்கத்திலிருந்து சாதாத் தண்ணீரை ஒற்றினால் கறை வந்த வழியே இறங்கும். பிசுபிசுப்பு போகும்வரை கீழே இருக்கும் துணியை மாற்றி மாற்றி இதையே செய்யுங்கள். அதோடு சர்க்கரையும் தேனும் போய்விடும். அப்புறம் கம்பளிக்கென்று விற்கும் திரவ சோப்பு, ஈஸி போன்றது, சில துளி தண்ணீரில் கலந்து ஒற்றினால் நெய்க்கு அது போதும். பழுப்பேறிய வாழைப்பழ நிழல் மிஞ்சினால், அரை டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து ஒற்றிப் பாருங்கள். கம்பளிக்கு மெல்லிய புளிப்பு ஆகாததல்ல, காரம்தான் எமன். முதலில் தையலின் உள்பக்கம் ஓர் ஓரத்தில் ஒற்றிச் சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எந்த மருந்துக்கும் இந்தச் சோதனை உண்டு.

நெய் மட்டும் தனியாகக் கொட்டினால், அதுவும் கொடைக்கானல் குளிரில் என்றால், உங்களுக்கு அதிர்ஷ்டம். 2,000 மீட்டருக்கு மேலே கொஞ்ச நேரத்தில் நெய் உறைந்துவிடும். உறைந்ததைச் சுரண்டி எடுங்கள். அங்கே போய் வெந்நீர் கேட்டு உருக்கி உள்ளே அனுப்பாதீர்கள். மிச்ச எண்ணெய்ப் பசைமேல் முகப்பவுடரைத் தூவி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் தட்டிவிடுங்கள். தூவும்போது கைக்குழந்தை பக்கத்தில் வேண்டாம், அந்தத் தூள் சுவாசத்தில் போகக் கூடாது. அரிசி மாவைத் தூவச் சொல்பவர்கள் உண்டு. மிஞ்சும் மாவு பூச்சிக்கு விருந்து, எனக்கு அதில் சம்மதமில்லை. அடுப்புச் சாம்பலோ விபூதியோ வேண்டவே வேண்டாம். சாம்பல் ஈரத்தோடு சேர்ந்தால் காரம், பாத்திரத்தின் நெய்யை எடுப்பதும் அந்தக் காரம்தான், கம்பளியைக் கடிப்பதும் அதுதான்.

சாம்பாரும் குழம்பும் தனிக் கதை. மஞ்சள் கம்பளிக்கு வெறும் கறை அல்ல, சாயம். பருத்தியைவிட ஆவலாகக் கம்பளியும் பட்டும் அதைப் பிடித்துக்கொள்ளும். சூடு சேர்ந்தால் இன்னும் ஆழம். இதில் மிரண்டு போகும் ஒரு கட்டம் உண்டு: சாம்பார்க் கறைமேல் சலவை சோப்பைப் போட்டதும் மஞ்சள் ரத்தச் சிவப்பாக மாறும். இது புதிதல்ல. ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கரைத்ததும் சிவக்கிறதே, அதே சங்கதி. காரம் பட்டால் மஞ்சளில் இருக்கும் குர்க்குமின் சிவக்கும். ஆக, சிவந்தது என்றால் உங்கள் சோப்பு காரமானது, கம்பளிக்கு ஆகாதது என்று அந்தக் கறையே காட்டிக்கொடுக்கிறது. உடனே சாதாத் தண்ணீரில் ஒற்றி, வினிகர்த் தண்ணீரைத் தொட்டால் சிவப்பு மஞ்சளுக்குத் திரும்பும். மஞ்சளை மெள்ளத்தான் போக்க முடியும். திரவ சோப்பு, அலசல், நிழல் காய்ச்சல், மறுபடி அதே. குர்க்குமின் வெளிச்சத்துக்குப் பயந்தது. நேரடி வெயில் படாத, வெளிச்சம் நிறைந்த திண்ணையில் நாலைந்து நாள் கறைப் பக்கத்தைக் காட்டிவைத்தால் வெளிறிக்கொண்டே வரும். உச்சி வெயிலில் போட்டால் கறையோடு கம்பளியும் மஞ்சளிக்கும், நிறக் கம்பளி வெளுக்கும். பொறுமைதான் இங்கே செலவு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பால் கலந்த டீ, முட்டை, தயிர் எல்லாம் புரதம். வெந்நீர் பட்டால் இறுகி நூலோடு ஒட்டும், ஆகவே குளிர்ந்த தண்ணீர் மட்டும். கொடைக்கானல் வீட்டுச் சாக்லேட் உடம்புச் சூட்டிலேயே உருகும் சரக்கு, கைக்குட்டையால் துடைத்தால் பரவும், கெட்டிப்பட விட்டுச் சுரண்டுங்கள். மிளகாய்ப் பொடிச் சிவப்பு எண்ணெயில் கரைந்து வருவது, நெய்க்குச் சொன்ன வைத்தியம். பழனி–கொடைக்கானல் மலைப்பாதை வளைவுகளில் பிள்ளை வாந்தி எடுத்தால், அதை மட்டும் வீடு வந்து பார்க்கலாம் என்று கவரில் கட்டாதீர்கள். அடுத்த நிறுத்தத்தில் வழித்து, பாட்டில் தண்ணீரால் ஒற்றிவிடுங்கள். ஈரக் கம்பளியைக் கவரில் மணிக்கணக்கில் அடைத்தால் நாற்றம் தங்கிவிடும்.

முழு ஸ்வெட்டரையும் துவைக்க வேண்டி வந்தால்? சாதா சலவைத் தூளின் கரைசல் பெரும்பாலும் நல்ல காரம். கறையைத் தின்னும் என்சைம் இருக்கிறது என்று பாக்கெட்டில் பெருமையாக எழுதியிருந்தால் இன்னும் உஷார். புரதக் கறையைச் செரிக்கிற என்சைமுக்குக் கறை எது, கம்பளி எது என்று தெரியாது. கம்பளி சட்டென்று கரைந்துவிடாதுதான், ஆனால் ராத்திரி முழுக்க ஊறவைத்தால் நூல் மெலியும். நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்புத் தண்ணீர் வேறு. அதில் கட்டி சோப்புப் போட்டால் நுரைக்குப் பதில் வெள்ளைப் பிசுக்கு நூலில் படியும், கம்பளி சொரசொரக்கும். திரவ சோப்பில் அந்தத் தொல்லை குறைவு.

பூந்திக்கொட்டை தெரிந்தவர்கள் பாக்கியசாலிகள். காஷ்மீரில் சால்வை அலசுவதும் அதில்தான், அங்கே ரீட்டா என்பார்கள். கொட்டையை நீக்கி, தோலை ஊறவைத்துக் கசக்கி, வடிகட்டி, ஆறிய தண்ணீரை எடுங்கள். கண்ணில் பட்டால் பயங்கரமாக எரியும். வெள்ளைக் கம்பளிக்கு லேசாகப் பழுப்பு ஏற்றும், அதற்கு இது வேண்டாம்.

ஊறவைப்பது ஐந்து பத்து நிமிஷம் போதும். அமுக்கி எடுங்கள், கசக்காதீர்கள், முறுக்காதீர்கள், துவைகல் பக்கம் கொண்டே போகாதீர்கள். நனைந்த கம்பளி வலு குறைந்தது, தண்ணீர்க் கனமும் சேர்ந்தது. ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினாலே அந்த முனை முழங்காலுக்கு இறங்கும். இரண்டு கையாலும் அடியில் தாங்கித் தூக்கி, காய்ந்த டவலில் விரித்து, பாய் போலச் சுருட்டி அழுத்தினால் தண்ணீரை டவல் குடித்துவிடும். பிறகு கொடியில் கிளிப் மாட்டாமல், கயிற்றுக் கட்டில்மேல் துணி விரித்து, நிழலில், படுக்கைவாக்கில். வேப்பமரத்தடி நல்லதுதான், மேலே காக்கை இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே தைத்திருக்கும் சீட்டில் படம் இருக்கும். தொட்டிக்குள் கை என்றால் கையால் மட்டும். முக்கோணத்தில் பெருக்கல் குறி என்றால் பிளீச் கூடாது. தொட்டிமேல் பெருக்கல் குறி என்றால் தண்ணீரே கூடாது, வட்டம் இருந்தால் டிரை கிளீனிங்குக்குத்தான். இஸ்திரிப்பெட்டியில் எத்தனை புள்ளியோ அத்தனை சூடு. கறை முழுக்கப் போனது உறுதியாகும்வரை புள்ளி எத்தனையிருந்தாலும் இஸ்திரி வேண்டாம்.

கடைசி உஷார் பீரோவுக்குள் இருக்கிறது. கறையோடு ஸ்வெட்டரை மடித்து உள்ளே வைத்தால் அடுத்த மார்கழிக்கு ஓட்டையோடு வெளியே வரும். கம்பளியைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழுவுக்குச் சுத்தமான கம்பளியைவிடச் சாப்பாட்டுக் கறையும் வியர்வையும் படிந்த இடம்தான் இஷ்டம். கழுத்துப் பட்டையிலும் நெஞ்சிலும் ஓட்டை விழுவது அதனால்தான்.

அதற்கு நாம் போடுவது அந்துருண்டை. பலவற்றில் இருப்பது நாப்தலீன். வெள்ளையாக, உருண்டையாக, மிட்டாய் போலவே இருக்கும், தவழும் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. விழுங்கினால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், மிச்ச உருண்டையையும் கையில் எடுத்துக்கொண்டு. விழுங்காமலேயும் கெடுதல் உண்டு. ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகள் நம் நாட்டிலும் உண்டு. அந்துருண்டையோடு வைத்திருந்த போர்வையிலும் துணியிலும் சுற்றிய பச்சைக்குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, கடும் மஞ்சள்காமாலை வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குறை இருக்கிறதா என்று பரிசோதிக்காமல் பெற்றவர்களுக்கே தெரியாது. பிள்ளை பெற்று வீட்டுக்கு வரும் மகளுக்காகப் பரணிலிருந்து பழைய கம்பளியை இறக்குகிற ஆயாக்கள் இதை மறக்க வேண்டாம். அந்த நெடி இருக்கிற துணி எதுவும் கைக்குழந்தை மேல் படக் கூடாது. வெளியே காற்றாடப் போட்டால் மட்டும் போதாது, நெடி முழுக்கப் போகும்வரை அலசி உலர்த்துங்கள். அதுவரை குழந்தைக்குப் பருத்தித் துணியை இரண்டு மடிப்பாகப் போர்த்தினாலே நம் ஊர்க் குளிருக்குத் தாராளம்.